பதினான்காம் தேதி, செவ்வாய்

ஆகஸ்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.
திரையின் வலது மூலையில் ஒரு நீலக் கட்டம்:
அக்டோபர் பதினான்கோடு சரி,
அதற்குப் பிறகு உங்கள் கணினிக்கு
நாங்கள் பொறுப்பல்ல.
கீழே இரண்டு பொத்தான்கள்.
'மேலும் அறிய' என்பதை ஒருமுறை அழுத்தினேன்.
அறிந்துகொண்டேன்.
மற்ற நாளெல்லாம்
'பிறகு நினைவூட்டு.'

ரெஜைனாவில் ஃபர்னஸ் பழுதுபார்க்கும் கடை.
முதலாளி ஓரெஸ்ட். வேன் ஓட்டுகிறவன் டேரல்.
தொலைபேசியும் பில்லும் நான்.
என் மேசைக்கடியில் இந்தக் கறுப்புப் பெட்டி,
நான் இந்த ஊருக்கு வந்திறங்குவதற்கு
ஐந்து குளிர்காலம் முன்பே
இங்கே வேலைக்குச் சேர்ந்தது.
அந்த வகையில் எனக்கு சீனியர்.

புதியதற்குத் தகுதி உண்டா என்று பார்க்க
ஒரு சோதனை வைத்திருந்தார்கள்.
ஓடவிட்டேன்.
நினைவகம் போதும். வட்டில் இடம் தாராளம்.
ஒரு சில்லு மட்டும் இல்லையாம்,
சுண்டுவிரல் நகத்தளவு.
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
இதே பணிவோடு எனக்கும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள்,
எல்லாம் இருக்கிறது, கனடிய அனுபவம்தான்...
அது போகட்டும்.

ஓரெஸ்ட்டிடம் சொன்னேன்.
டோனட்டைக் காபியில் தோய்த்தபடி கேட்டார்:
'ஓடுகிறதா?'
ஓடுகிறது.
'சத்தம் போடுகிறதா?'
இல்லை.
'அப்புறம் என்ன நோய்?'
நோயில்லை. இனிமேல் வந்தால் மருந்து தரமாட்டார்கள்.
நெடுநேரம் மென்றார்.

அன்று காலைதான் டேரல்
எண்பத்தெட்டில் பொருத்திய ஃபர்னஸ் ஒன்றுக்கு
பெல்ட் மாற்றிவிட்டு வந்திருந்தான்.
அந்தப் பெல்ட் இன்னும் கிடைக்கிறது,
மூஸ் ஜாவில் ஒரு கிடங்கில்,
தூசு தட்டி எடுத்துத் தருகிறார்கள்.
யாரும் அந்த ஃபர்னஸிடம்
மூலையில் கட்டம் போட்டுத் தேதி சொன்னதில்லை.
'எழுதிவை,' என்றார் ஓரெஸ்ட்,
'புதுசு என்ன விலை என்று.'
எழுதிவைத்தேன்.
தாளின் மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

திங்கட்கிழமை விடுமுறை, நன்றி நவிலும் நாள்.
ஊரே வான்கோழி வாசனை.
சாவி என்னிடம் இருந்ததால் தனியாக வந்தேன்,
வாடிக்கையாளர் பட்டியலைப் பிரதியெடுக்க.
நானூற்றுப் பதினேழு பெயர்கள்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த லோரெயின்
குறிப்பு எழுதியிருக்கிறாள்:
நாய் கடிக்கும்.
பின்வாசல் வழியாக வா.
காசோலை இரண்டுமுறை திரும்பியது, ஆனாலும் போ.
கணவரைக் கேட்காதே, மார்ச்சில் இறந்துவிட்டார்.
இவர் பேசுவார். ஒரு மணிநேரம் கூட்டி வை.

லோரெயினை நான் பார்த்ததில்லை.
எங்கே போனாள் என்றும் யாரும் சொன்னதில்லை.
நாற்பது நிமிடம் ஆகும் என்றது பச்சைக் கோடு.
மூன்று மணிநேரம் இருந்தேன்,
படித்துக்கொண்டு.

செவ்வாய் விடிந்தது.
சீக்கிரமே வந்துவிட்டேன்,
என்ன ஆகும் என்று பார்க்க.
பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது.
அதே ஏரி, அதே படகு,
சற்று வேகமாகவே விழித்ததுபோல் தோன்றியது.
அவ்வளவுதான்.
வலது மூலை காலி.
பழக்கத்தில் அங்கே போன என் கை
ஒன்றும் இல்லாத இடத்தை
ஒருமுறை சொடுக்கிவிட்டுத் திரும்பியது.

ஓரெஸ்ட் குனிந்து
இணையக் கம்பியை உருவினார்.
முழங்கையில் சுற்றி, சுற்றி,
நாட்காட்டியின் ஆணியில் மாட்டினார்.
'இனி இது வீட்டை விட்டு வெளியே போகாது,' என்றார்.
முதுகு பிடித்துக்கொண்டது; சிறிது நேரம்
அப்படியே மேசையைப் பிடித்து நின்றார்.

வெளியே மைனஸ் நான்கு, இந்த ஆண்டில் முதல்முறை.
எட்டு ஐந்துக்குத் தொலைபேசி.
ஒரு பெண், குரலைத் தாழ்த்தி:
பைலட் சுடர் அணைந்துவிட்டது,
இப்போதுதான் குழந்தை கண்ணயர்ந்தது.

முகவரி கேட்டேன். பட்டியலில் இருந்தது.
லோரெயின் எழுதியிருந்தாள்: படிக்கட்டு வழுக்கும்.
அதற்குக் கீழே
நான் முதன்முறையாக ஒரு வரி சேர்த்தேன்:
மணி அடிக்காதே. தட்டு.