மேல்பட்டி வரை

மூன்றாமாண்டுக்குக் காந்தம் எடுத்துவிட்டு வருகிறேன்.
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி:
"இரும்புக்குள்ள யாரு மேடம் ஆர்டர் போடறது?"
மணி அடித்துவிட்டது. தப்பித்தேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி மொத்தமும் ஏறுகிறது.
பசை வாசம், டிபன் டப்பா, கழுத்தில் அடையாள அட்டை.
மூவர் இருக்கையில் ஐவர்.
"தள்ளி உக்காரும்மா" என்றால்
நம் பாசஞ்சரில் இடம் பிறக்கும்.
என் கணக்கில் பிறக்காது.
அங்கே ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான்.
எதிர்முகமாய்த் திரும்பியிருந்தால்
இன்னொன்றும் வந்து உட்காரலாம், விதி விடும்;
ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தாங்காமல் வேகும்.
அந்த வெறுப்பை முடிவிலி ஆக்கு என்கிறது கணக்கு.
ஆக்கினேன்.
யாரும் யார் மடியிலும் இல்லை.
யாராலும் அசையவும் முடியவில்லை.
முகம் மேலா கீழா, கேட்பாரில்லை.

இப்போது ஒரே ஒருத்தியை இறக்கிவிடு.

பொம்மைக்காரனிடம் இருபது ரூபாய்க்கு வாங்கினேன்:
பதினைந்து எண்கள், ஒரு பள்ளம்.
பக்கத்தில் எப்சிபா. அப்பர் தைக்கும் பிரிவு.
விரல் நுனியில் காய்ந்த பசை.
"இதுல என்னங்க இருக்கு?"
பள்ளத்தை மூலையிலிருந்து கிளப்பி
ஒரு சின்னச் சுற்று சுற்றி
மூலைக்கே கொண்டுவந்து காட்டினேன்.
பள்ளம் வீடு திரும்பிவிட்டது.
பன்னிரண்டு பதினைந்தின் வீட்டில்,
பதினைந்து பதினொன்றின் வீட்டில்,
பதினொன்று பன்னிரண்டின் வீட்டில்.
போய்வந்த தடம் ஊருக்கே தெரிகிறது.

அவள் பையிலிருந்து ஒரு கந்தலை எடுத்தாள், தின்னர் நெடி.
எண்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தாள்.
"இப்ப சுத்துங்க."

இடமாகப் போனேன். வலமாகப் போனேன்.
எட்டுப் போட்டுப் போனேன்.
அதே பலகை.

இதைத்தான் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
எல்லா முகமும் ஒரே பக்கம் என்றால்
பள்ளம் எவ்வழி வந்தாலும் சாட்சி இல்லை.
சாட்சியில்லாத வழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
ஒரே அலையாய்ப் பெருகுகின்றன.
ஆற்றல் இறங்குகிறது.
ஆர்டர் போட ஆளில்லை தம்பி.
காந்தத்துக்குக் காரணம் காந்தமும் இல்லை.
ஒட்டாதவர்கள் நடுவே
ஓர் இல்லாமை தாராளமாய் உலாவட்டும் என்று
அத்தனை பேரும் ஒரு பக்கம் திரும்புகிறார்கள்.
நிஜ இரும்பு இவ்வளவு எளிதில்லை,
அதையும் சொல்ல வேண்டும் நாளைக்கு.

"அப்போ ஜெயிக்கறது யாரு?"
"பள்ளம்."
"மத்ததுங்களுக்கு என்ன கெடைக்குது?"

ஜன்னலில் பாலாறு. மணல், டயர் தடம், சீமைக்கருவேலம்.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஜில்லாவை
இல்லாததை வைத்தே எண்ணுவார்கள்.
எப்சிபா இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள்.
கந்தலை மடித்துப் பைக்குள் வைக்கிறாள்.

மேல்பட்டியில் இறங்கிவிட்டாள்.
நின்றவள் ஒருத்தி உட்கார்ந்தாள்,
அவள் நின்ற இடத்துக்கு இன்னொருத்தி,
பள்ளம் கதவுவரை நடந்துபோனது.

குடியாத்தத்தில் கூட்டமே கரைந்தது.
எதிரே இரண்டு காலி இடம்.

இரண்டுக்கு என்னிடம் நிரூபணம் இல்லை.
ஒரு பள்ளத்தோடு தேற்றம் நின்றுவிடுகிறது.
லத்தேரி தாண்டியும்
எண்ணற்ற கட்டைகளை
நகர்த்திக்கொண்டே இருந்தேன்.
விரலில் தின்னர் வாசம்.