நீர்மட்டம்

வண்ணார்பேட்டைக் கிளையில் ஜெஸிந்தா மேடம்
திரையைக் கால்வாசி என் பக்கம் திருப்பினார்.
ஐந்நூற்று நாற்பத்தேழு.
காய்ச்சல் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

"செட்டில்டுனு கெடக்கு, பாத்தீங்களா?"
பார்த்தேன்.
அந்த ஒரு வார்த்தைக்கு
நாற்பத்தோராயிரம் கொடுத்திருந்தேன்.
தாழையூத்து ரோட்டில்
தக்காளியை இறக்கச் சொல்லிவிட்டு
என் குட்டியானையைச் சாவியோடு கொண்டுபோனவர்கள்
எட்டு மாசம் கழித்துக் கூப்பிட்டு
"பாதியக் கெட்டும், தீந்துரும்" என்றார்கள்.
கட்டினேன்.
தீர்ந்தது வேறு, முடிந்தது வேறாம்.
மீதியையும் கட்டி
முடிந்தது என்று கடிதாசி வாங்கணுமாம்.

அதற்குக் கீழே இன்னொரு வரி:
நாங்குநேரியில் ஒரு செல்போன்,
ஏழு தவணை பாக்கி.
நாங்குநேரியில் நான்
டோல் ரசீது தவிர எதுவும் வாங்கினதில்லை.

சு. இசக்கிமுத்து.
பேர் என்னுடையதுதான். இனிஷியலும்.
இந்தச் சீமையில் ஒரு கொடைப் பந்தலில் நின்று
அந்தப் பேரைக் கூப்பிட்டால்
பாதிக் கூட்டம் திரும்பும்.
சுடலை பெற்ற இசக்கிகளை
எந்தக் கம்ப்யூட்டர் பிரித்துப் பார்க்கும்?
எழுதிக் கொடுங்க, முப்பது நாள் ஆகும் என்றார்.

பதினைந்தாயிரம் டெபாசிட் போட்டால்
பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கார்டு.
ஆவுடைச்செல்வி கேட்டாள்:
"நம்ம ரூவாய நாமளே கடன் வாங்கி
நாமளே திருப்பிக் கெட்டி
நல்லவன்னு பேரெடுக்கணுமாக்கும்?"
ஆமா என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
குக்கர் எத்தனை விசில் விட்டது என்று
ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.
சோறு குழைந்துவிட்டது.
மறுநாள் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள்.

வாடகை வண்டிக்கு மாசம் ஒருதரம்
கார்டில் டீசல், ஆயிரத்து ஐந்நூறு.
எட்டாம் தேதி கெடு.
மூன்றாம் தேதியே கட்டிவிடுவேன்,
பள்ளிக்கூடம் திறக்குமுன் வாசலில் நிற்கிற பிள்ளைபோல.

நயினார்குளம் மார்க்கெட்டில்
வெண்டைக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து
பேப்பரில் பாபநாசம் நீர்மட்டம் பார்ப்பது
பழைய பழக்கம்.
பிறகு போனைத் திறந்து என்னுடையதைப் பார்ப்பேன்.
தினமும் மாறாது என்று தெரியும்.
தினமும் பார்த்தேன்.
ஐப்பசியில் அணை மளமளவென்று ஏறியது.
நான் ஆறு.
தை மாசம் நான்கு.
சித்திரையில் பாறை தெரிய அது இறங்கிக்கொண்டிருக்க
நான் பதினொன்று ஏறினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஊரே தண்ணீருக்கு அலைகிற நேரத்தில்
இதை எப்படிச் சொல்ல?

நாங்குநேரி வரி ஒருநாள் காணாமல் போயிற்று.
ஒரே மூச்சில் முப்பத்தொன்று.
அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருக்கணும்.
அந்த ஏழு தவணையும் இப்போது
சரியான வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருக்கும்.
அவனும் ஏதோ ஒரு கிளையில்
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான்.
அவனுக்கும் யாராவது
திரையைக் கால்வாசி திருப்பியிருப்பார்கள்.
என் குட்டியானையும் கொஞ்சநாள்
அவன் பேரில் நின்றிருக்குமோ என்னவோ.

நேற்று எழுநூற்று நான்கு.
"இன்னும் ஆறு மாசம் போட்டும், பாப்போம்"
என்றார் மேடம்.
இந்தமுறை திரையை முழுசாய்த் திருப்பியிருந்தார்.

திரும்பும்போது பைபாஸ் சிக்னலில்
முன்னால் ஒரு குட்டியானை.
நம்பரைப் பார்க்குமுன்னே தெரிந்துவிட்டது.
பின்கதவில் புதுப் பெயிண்டில் யாருடைய பேரோ.
அதற்கு அடியில், சரியாய் மறையாமல்,
ஆவுடை துணை.
எல்லோரும் அம்மன் பேர் என்றே நினைத்தார்கள்.
நானும் திருத்தியதில்லை.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தான்.
இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது.
அவன் ஒழுங்காய் ஆயில் மாற்றுகிறான்.
தவணையும் கட்டுவான் என்றுதான் நினைக்கிறேன்.