வரப்புக்கு இரண்டு பக்கமும்

தண்டைச் சாய்வாக நறுக்கி
கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன்.
இரண்டு நிமிஷம்.
வெட்டுவாயிலிருந்து பால்நூல் ஒன்று இறங்கியது,
மெல்ல, நேராக, அடிவரை.
"இதுதானா" என்றார் சென்னராயன்.
இதுதான்.
அதில் எத்தனை கோடி உயிர் என்று சொல்ல வந்தேன்,
சொல்லவில்லை.
பச்சை மாறாமலே தலை தொங்கிவிட்ட
இரண்டாயிரத்து நானூறு செடிகளை
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
ராயக்கோட்டை மண்டியில் அன்றைக்குப் பெட்டி
அறுநூற்று ஐம்பது.

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி முனிகிருஷ்ணனின் கொல்லை.
அதே நர்சரி, அதே நாற்று,
முறை வைத்துப் பாயும் அதே கிணறு.
அங்கே காய் தாங்காமல் குச்சி வளைந்து நின்றது.
அண்ணனுக்குக் கிணற்றின் மேல் சந்தேகம்,
அப்புறம் தம்பி பெண்டாட்டியின் கண் மேல்.
நான் இரு பக்கமும் ஒரு சாண் தோண்டி
பைக்கு ஒரு பிடி அள்ளினேன்.
ஒன்றில் 'செ', ஒன்றில் 'மு'.

இரண்டு பையிலும் இருந்தது ஒரே கிருமி.

ஒரே என்பது எவ்வளவு ஒரே?
ஐம்பத்தெட்டு லட்சம் எழுத்து,
பெரிய வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று.
பாகப்பத்திரத்தின் இரண்டு நகலை
விரல் வைத்து ஒத்துப் பார்க்கும் குமாஸ்தா மாதிரி
பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன்.
அங்கொன்றும் இங்கொன்றுமாக
பத்தொன்பது எழுத்துப் பிழை.
அதனால் யாரும் சாக மாட்டார்கள்.

செ-வில் புதிதாக ஒரு கத்தி இருக்கும் என்றுதான் தேடினேன்.
சின்ன வளையத்தில் ஓர் ஓட்டை இருந்தது.
ஆயிரத்து நூறு எழுத்து காணோம்.

மு-வில் அது பத்திரமாக இருக்கிறது.
வேருக்குள் நுழையும்போது
தன்னையறியாமல் இருமுகிற திருடன் அவன்.
செடி விழித்துக்கொள்கிறது,
கதவை அடைக்கிறது,
நாலு செல்லைப் பலி கொடுத்துப் பிழைக்கிறது.
செ இருமலைத் தொலைத்தவன்.
அவ்வளவுதான் அவன் கெட்டிக்காரத்தனம்.

எப்போது பிரிந்தன என்றும் கணக்குப் போட்டேன்.
சுமார் ஒன்பது வருஷம் என்று வந்தது.
அண்ணன் தம்பி நிலம் பிரித்ததும் ஒன்பது வருஷம் முன்னால்.
ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது.
பிறகு பிழை வரம்பைப் பார்த்தேன்:
மூன்றிலிருந்து இருபத்திரண்டு.
அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மறுபடி போனபோது இருவரும் வந்தார்கள்,
அவரவர் பக்கத்தில் நின்றார்கள்.
மருந்து கிடையாது, மூன்று வருஷம் ராகி போடுங்கள் என்றேன்.
சென்னராயன் ஒன்றும் பேசவில்லை,
மண்கட்டி ஒன்றைக் கால் விரலால் உடைத்தார்.
"அப்போ என்னோடது நல்ல கிருமியா?"
முனிகிருஷ்ணன் கேட்டார், கொஞ்சம் சத்தமாகவே.
இல்லை.
இன்னும் எதையும் தொலைக்காத கிருமி.

அதற்குள் சம்பங்கியின் டிராக்டர்
அண்ணன் நிலத்தை உழுது முடித்து
தம்பி வரப்பில் ஏறிக்கொண்டிருந்தது.
டயர் பள்ளமெல்லாம் செம்மண்.
நான் ஓடினேன், கையைக் காட்டினேன்,
டயரைக் கழுவாமல் தாண்டக் கூடாது என்று கத்தினேன்.
சம்பங்கி இன்ஜினை அணைத்தார்.
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"கழுவலாம்மா.
கிணத்துல இன்னைக்கு யாரு முறை?"