ஆக்லாந்து எத்தனை கிலோ

கிலோமீட்டரில் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.
பதினாலாயிரத்துச் சொச்சம் என்று
மெர்லின்தான் ஒருமுறை போனில் பார்த்துச் சொன்னாள்.
எனக்குத் தூரம் என்றால் எடை.
மஸ்கட் கைக்குழந்தை,
இடுப்பில் வைத்துக்கொண்டே வேறு வேலை பார்க்கலாம்.
கொழும்பு கொஞ்சம் கனம்.
ஆக்லாந்துக்கு நூறு டன்னுக்கு மேல்;
இறக்கைக்குக் கீழே குழாயைப் பூட்டிவிட்டு
முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

தோஹா. ஜூலை. இரவு பன்னிரண்டரை.
தரை இன்னும் சுடுகிறது, பூட்ஸுக்குள் வெந்நீர்.
இந்த மாதங்களில் எண்ணெய் உப்பும்,
அதே எடைக்கு லிட்டர் கூடும்,
மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.
முதலில் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து
விளக்கில் தூக்கிப் பார்ப்பேன்.
ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருந்தாலும்
வில்லை நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் ஒரு விசை.
அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் எண்ணெய் ஏறும்.
ஆள் மயங்கினால், கண்ணயர்ந்தால்
பிடி தளரும், தானே நின்றுவிடும்.
அதற்குப் பெயர் டெட்மேன்.
செத்தவன் பெயர் வைத்ததை
உயிரோடிருப்பவன் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.
"கடைசிப் பிள்ளை படிப்பு முடியும்வரை விட்டுவிடாதே"
என்று ரோமெல் சிரிப்பான்.
அவனுக்கு நான்கு பிள்ளைகள், மணிலாவில்.

அங்கே இப்போது காலை ஒன்பதரை.
முதியோர் இல்லத்தில் யாரோ ஒரு ஹென்ஷாவுக்கு
ஓட்ஸ் ஊட்டி வாய் துடைத்துக்கொண்டிருப்பாள்.
கார்க் கண்ணாடியில் உறைபனியை
காலாவதியான ஏடிஎம் அட்டையால் சுரண்டுகிற படம்
அனுப்பியிருக்கிறாள்.
திரையில் விழுந்த வியர்வையை வழித்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.

போகப் பதினாறு மணி நேரம்,
வரப் பதினேழரை.
காற்று முதுகில் தள்ளினால் ஒன்று,
முகத்தில் அடித்தால் ஒன்று.
அது உள்ளே உட்கார்ந்து போகிறவர்களின் நேரம்.
எங்களுக்கு ஆனது மூன்று வருஷம் ஏழு மாதம்.
என் விசாத் தாள் எந்த மேசையில் என்று
கேட்கிற இடத்தையே இன்னும் தேடுகிறோம்.

ஒரு விமானி ஒருநாள் சொன்னார்:
இவ்வளவு தூரம் போகையில்
எரிவதில் ஒரு பங்கு
எரியப்போகும் எண்ணெயைச் சுமப்பதற்கே எரிகிறது.
சும்மா தலையாட்டினேன்.
மறுநாள் சம்பளம்.
ஏஜென்ட் கடனுக்கு வட்டி,
அந்த வட்டி கட்ட வாங்கியதற்கு வட்டி.
அப்போது புரிந்தது.

கேப்டன் கையெழுத்துப் போட்டாயிற்று.
மேல்தாள் அவருக்கு, இளஞ்சிவப்பு ஆபீசுக்கு.
அடுத்தது டாக்கா, லேசு.
குழாயைக் கழற்றி வண்டியை ஓரம் கட்டுவதற்குள்
அது நகரத் தொடங்கியிருக்கும்.

நாளை சொல்வாள்:
"ராத்திரி ரெண்டு மணிக்கு மேல
கூரைக்கு மேல ஒண்ணு போச்சு,
தூக்கமே போச்சு."
நான் பிடித்து அனுப்பியதில்
அந்நேரம் என்ன மிச்சம் இருக்கும், மெர்லின்?
சத்தம் போடுகிற அளவுக்கு.