1997, இரவு ஷிஃப்ட்

கருப்பூரைத் தாண்டி, வெள்ளைக்கல் சுடும் உலையின்
கன்ட்ரோல் ரூமில்
இன்று 1997 நவம்பர் பன்னிரண்டு, புதன்.
வெளியே 2025. அங்கும் புதன்தான்.

இரண்டாயிரத்தைத் தாண்டத் தெரியாத மென்பொருளை
இருபத்தெட்டு வருடம் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறார் யாரோ,
கிழமையாவது பொய் சொல்லாமல் இருக்கட்டும் என்று.

இந்த அறைக் கணக்கில் நான் இன்னும் பிறக்கவில்லை.
அடுத்த மார்ச் எட்டு.
அதுவரை பிறக்காத ஒருத்தி
ஆயிரத்து எழுநூறு டிகிரியைப் பார்த்துக்கொள்கிறாள்,
சம்பளம் வாங்கிக்கொண்டு.

கறுப்புத் திரை, ஆரஞ்சு எழுத்து.
கீபோர்டில் அலாரத்தை ஏற்கும் பொத்தான் மட்டும்
எழுத்தெல்லாம் தேய்ந்து கட்டைவிரல் அளவுப் பள்ளம்.
எத்தனை ஆயிரம் தடவை ஏற்றுக்கொண்டிருப்பார்கள்,
எதையும் சரிசெய்யாமல்.

டி.ஐ. இருநூற்று நான்கு
தினமும் இரண்டு மணிக்குக் கத்தும்.
பொய் என்பார் மாதேஸ்.
பொய்யென்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் அமுக்குவார்.

கடவுச்சொல் ஒரு பெண் பெயர்: சுலோசனா.
ப்ரோகிராம் எழுதினவன் மனைவி என்கிறார் அர்த்தநாரி.
இல்லை, அவன் வளர்த்த நாய் என்கிறார் ஸ்டோர்காரர்.
மாற்றும் வழி எந்தக் கையேட்டிலும் இல்லை.
அவளைக் கூப்பிடாமல்
ஒரு வால்வும் எங்கள் பேச்சைக் கேட்காது.

'இத்துடன் ஆதரவு முடிகிறது' என்று
கம்பெனி கடிதம் போட்ட பிறகு
செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
எடைக்கு எடை இரண்டு கார்டு வாங்கினோம்.
ஒன்று ஓடியது.
இன்னொன்றில் எறும்பு குடியிருந்தது.

போன வாரம் மூன்று பத்துக்குக்
கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியது.
திரை போயிற்று. உலை போகவில்லை.
அலமாரிக்குள் கன்ட்ரோலர்கள்
ஆயில் கொஞ்சம் கூட, காற்று கொஞ்சம் குறை என்று
பார்க்க ஆளில்லாத கவலையே இல்லாமல்
வேலை பார்த்துக்கொண்டிருந்தன.
எங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை,
பதினோரு நிமிடம்.

டார்ச்சோடு ஓடினோம்.
நீலக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன்.
நாலு வருட வேலையில் முதல் தடவை.
"எவ்வளவு மேடம் இருக்கும்?"
"ஆயிரத்து அறுநூறு" என்றேன், வாய்க்கு வந்ததை.
கண்ணை எடுத்தால் எங்கும் பச்சைப் புள்ளிகள்,
அவற்றுக்குப் பின்னால் சேர்வராயன் மலையில்
ஏற்காடு போகும் ஏதோ ஒரு வண்டி
வளைவு வளைவாக,
யாரும் செட்பாயின்ட் கொடுக்காத ட்ரெண்ட் கோடாக
ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால் திரை தேதி கேட்டது.
சும்மா, நிஜ வருடத்தைக் கொடுத்துப் பார்த்தேன்.
தவறான உள்ளீடு.
மாதேஸ் சிரிக்கவில்லை.
தொண்ணூற்றேழு என்று அடித்தேன்.
சுலோசனா என்றேன்.
எண்கள் ஒவ்வொன்றாக வந்து
தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.
ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.
நான் சொன்னதற்கு நூற்றுப் பன்னிரண்டு மேலே.

புது சிஸ்டத்துக்கு ஆர்டர் போயாயிற்று.
பிப்ரவரி இருபதில் இதை நிறுத்துவார்கள்.
நான் பிறக்க அப்போது
இன்னும் பதினாறு நாள் இருக்கும்.

படிவம் கேட்கிறது:
டி.ஐ. இருநூற்று நான்குக்கு அலாரம் வேண்டுமா?
'வேண்டாம்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.
மணி இரண்டு. கத்தியது.
மாதேஸ் டீக்குப் போயிருந்தார்.
எழுந்து போய் அமுக்கிவிட்டு வந்தேன்.

அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலி.