பிற

செம்பூர் கிளையில் பதினெட்டு வருடம்
நோட்டு எண்ணிய கட்டைவிரல் இது.
ஈரப் பஞ்சில் ஒரு தொடல்,
பிறகு நூறில்தான் நிற்கும்.
போன கணபதிக்கு முந்தின வாரம்
தொண்ணூற்றேழு என்றது விரல்.
நூறு என்றது இயந்திரம்.
நான் விரலைத்தான் நம்பினேன்.
மூன்று முறை.

அப்புறம் செருப்பு.
எங்கே கழன்றதென்று தெரியாமல்
குர்லா நடைமேம்பாலம் முழுக்க
ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன்.
பால்துரை சிரித்தார். என் காலைப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.

ஐந்து நாள், புட்டி புட்டியாய் ஏற்றினார்கள்.
ஆயிரம் பேர் ரத்தத்தில் வடித்ததாம்,
ஆட்டினால் நுரைக்குமாம்.
இரட்டைவடச் சங்கிலி அதில் போயிற்று.
முகம் தெரியாத ஆயிரம் பேரும்
என்னைத் தூக்கி நிறுத்தத்தான் பார்த்தார்கள்.
கை நடுக்கம்தான் கூடியது.

டாக்டர் ஃபிரோஸா
மருந்துச் சீட்டின் பின்னால் நரம்பு வரைந்தார்.
உறை போட்ட கம்பி, இடையிடையே கணு.
கரும்பு மாதிரி என்றேன்.
கரும்பேதான் என்றார்.
"கணுவோரம் உறையைப் பிடித்துவைக்கும் பசையை
உங்கள் ஆன்டிபாடியே பிரிக்கிறதோ என்று சந்தேகம்.
ரத்தத்தில் பார்த்துவிடலாம்."

அதற்குப் பாடப்புத்தகத்தில் வேறு பெயர்.
சயான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
மூச்சுவிடாமல் சொல்லிப் பென்சில் வாங்கினேன்:
பிறபொருளெதிரி.
எதிரி சரி.
இதில் பிற யார்?

ரயிலில் கேட்பார்கள், எந்த ஊர்?
சயானில் பிறந்தேன் என்றால்
அது இருக்கட்டும், ஊர் எது? என்பார்கள்.
என் நரம்பையும் யாரோ அப்படி நிறுத்திக் கேட்டிருப்பார்கள்.
அதற்கு என்ன சொல்லத் தெரியும்.

வைஷாலி ஊசி குத்தினாள்.
வலித்தது.
முழங்கையில் நான் இன்னும் இருக்கிறேன்.
தங்கபுஷ்பத்தைத் தங்கா புஷ்பா என்று எழுதி
குழாயில் ஒட்டினாள்.
பெயர் பிசகினால் திருப்பிவிடுவார்களாம்,
கிழித்துவிட்டு வேறு ஒட்டினாள்.
ஐஸ் பெட்டியில் டெல்லிக்குப் பறந்தது ரத்தம்.
நான் இதுவரை விமானம் ஏறியதில்லை.

பன்னிரண்டு நாள்.
நியூரோஃபேசின் நூற்றைம்பத்தைந்து: பாசிட்டிவ்.
பாசிட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா?
கேஸ் ஏஜென்சி வரிசையில் நின்றபடி
பால்துரை போனில் கத்தினார்.
டாக்டரைக் கேட்டால்
"நல்லது. இனி ஆளைத் தெரியும்" என்கிறார்.
கொலைகாரன் அகப்பட்ட வீட்டில்
லட்டு கொடுப்பார்களா, தெரியவில்லை.
கொடுத்தோம். எதிர்வீட்டுக்கு நான்கு.

மருந்து மாறியது. மழையும் வந்தது.
நேற்று ராத்திரி பால்துரை
பத்து ரூபாய்க் கட்டொன்றை மடியில் வைத்தார்,
லேபிளைப் பிய்த்துவிட்டு.
எண்ணினேன்.
தொண்ணூற்றொன்பது என்றது விரல்.
உள்ளே எத்தனை வைத்தாரென்று
அவர் சொல்லவில்லை.
நான் பஞ்சை நனைத்துக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து.