மூச்சு எண்ணுதல்

ஏகாம்பரம் வீதி டிஸ்பென்சரி
மூன்று கிழமையாய்ப் பூட்டு.
கதவில் ஒட்டிய துண்டில் டொக்டரின் நம்பர்,
கடைசி இலக்கம் மழையில் கரைந்து
ஏழோ, ஒன்றோ.

ஒன்றுக்கு எடுத்தேன்.
கந்தளாயில் யாரோ ஒரு மாத்தையா
"கமக் நே" என்று வைத்தார்.

ஏழில் அவர்.
"ஜெயசோதியோ? அவருக்குப் பழைய இழுப்போ, புதுசோ?
சேட்டைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கோ.
ஒரு நிமிசம் எண்ணுங்கோ."

முப்பத்துநாலு என்றேன்.
அந்தப் பக்கம்
மேசையில் பேனை உருளும் சத்தம்.
"என்னட்டக் கொண்டுவர ஏலாது, பிள்ளை.
அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. 1990."

காய்ச்சலில் கிடந்த என்னைத்
தோளில் போட்டுக்கொண்டு
இவர் காட்டுக்குள் ஓடிய ஆண்டு.

இரண்டாவது ஒன்பதில் விரல் நின்றது.
நான் எண்ணுவதை விட்ட பிறகும்
இவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்,
சத்தமாக.